கல் குடித்த எண்ணெய்

தியானப் பகுதி: எரேமியா 2:22; 2 சாமுவேல் 12:1-13; ஏசாயா 53:4-5



அசனப் பண்டிகைக்கு முன்பாக ஆலய முற்றத்தைச் சுத்தம் செய்ய வேண்டும் என்று கமிட்டியார் தீர்மானித்திருப்பதை அறிவீர்கள். வாகனங்கள் நிற்கும் வேப்பமரத்தடியிலும், சென்ற ஆண்டு அசனத்துக்கு அடுப்பு மூட்டிய கிழக்கு மூலையிலும், பேவர் பிளாக் கற்களின்மேல் எண்ணெய்க் கறைகள் கருவட்டங்களாகப் படிந்திருக்கின்றன. அவற்றை நீக்கும் பணியை வாலிபர் சங்கத்துப் பிள்ளைகள் மனமுவந்து ஏற்றிருக்கிறார்கள். அவர்களுக்குச் செய்முறையைச் சொல்லவும், அந்தச் செய்முறை சில நாட்களாக என் உள்ளத்தில் எழுப்பிவரும் சிந்தனையை உங்களோடு பகிர்ந்துகொள்ளவும் இந்த வாரத் தியானத்தை எழுதுகிறேன்.

முதலில் கல்லின் இயல்பை அறிந்துகொள்ள வேண்டும். பேவர் பிளாக் பார்வைக்குக் கருங்கல்லைப்போல் உறுதியாகத் தோன்றும். ஆனால் அது சிமெண்டும் மணலும் ஜல்லியும் நீரும் சேர்ந்து இறுகிய கலவை. அந்த நீரில் ஒரு பகுதி வெளியேறிய வழிகள், கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகளாக உள்ளே நிலைத்துவிடுகின்றன. இத்தகைய கற்களுக்காக 2006-ஆம் ஆண்டில் வெளியான ஐ.எஸ். 15658 என்னும் இந்தியத் தரநிலை, கல் தன் எடையில் சராசரியாக 6 சதவீதத்துக்கு மேல் நீரை உறிஞ்சக் கூடாது என்று வரையறுத்தது. அப்படியானால், சோதனையில் தேறிய நல்ல கல்லும் கொஞ்சம் குடிக்கத்தான் செய்யும். விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல, அந்த நுண்துளைகள் தம்மேல் விழுந்த எண்ணெயை உள்ளே இழுத்துக்கொள்கின்றன. சில மணி நேரம் கழிந்தபின் நாம் காண்பது கல்லின்மேல் கிடக்கும் எண்ணெயை அல்ல. கல்லுக்குள் குடியேறிவிட்ட எண்ணெயை.

எண்ணெய் தன்னிலே தீயதல்ல. என்ஜினுக்குள் இருக்கும்போது அது உலோகத்தை உலோகம் தின்றுவிடாதபடி காக்கிறது. சட்டியில் இருக்கும்போது பசியாற்றுகிறது. யாக்கோபு பெத்தேலில் தான் தலைக்கு வைத்துப் படுத்திருந்த கல்லை நிறுத்தி, அதன்மேல் எண்ணெய் வார்த்தான் (ஆதியாகமம் 28:18). அங்கே அது பிரதிஷ்டையின் அடையாளமாயிற்று. இடம் தவறிய எண்ணெயே கறையாகிறது. கோபமும், நாவும், அதிகாரமும், ஆசையும் அப்படித்தான். கர்த்தர் வைத்த இடத்தில் இருக்கும்வரை அவை நன்மைக்கு ஏதுவானவை. அந்த இடத்தைவிட்டுக் கசிந்தால், யார்மேலாவது போய்ச் சொட்டுகின்றன.

கறையைக் கண்டதும் நம் பெண்கள் எடுப்பது சலவைச் சோடாவை. இது மிகப் பழைய வழக்கம். எரேமியா 2:22-இல், எவ்வளவு உவர்மண்ணும் சவுக்காரமும் கொண்டு தன்னைக் கழுவிக்கொண்டாலும் யூதாவின் அக்கிரமக் கறை தேவனுடைய பார்வையிலிருந்து மறையாது என்று தீர்க்கதரிசி உரைக்கிறார். அங்கே உவர்மண் என்று நம் வேதாகமம் மொழிபெயர்த்திருக்கும் எபிரெயச் சொல் ‘நெத்தேர்’. உவர் ஏரிகளின் கரையில் படியும் ஒருவகைச் சோடாவை அது குறிக்கும். நம் வீட்டுச் சலவைச் சோடாவுக்கு அது நெருங்கிய உறவு. இந்தச் சோடா, சமையல் எண்ணெயோடு சேர்ந்து அதில் ஒரு பகுதியைச் சவுக்காரமாகவே மாற்றிவிடும். ஆகையால் அசன அடுப்படியின் கறைக்கு, சோடா கரைத்த வெந்நீர் நன்றாய் உதவும். ஆனால் என்ஜின் ஆயில் வேறு வகையைச் சேர்ந்தது. பூமிக்கடியிலிருந்து எடுக்கப்படும் அந்த எண்ணெயைச் சோடா சவுக்காரமாக்குவதில்லை. எல்லாக் கறைக்கும் ஒரே மருந்து இல்லை என்பது நாம் கற்கும் முதல் பாடம்.

பிரியமானவர்களே, கறை என்றவுடன் பிரசங்க பீடத்திலிருந்து நாங்கள் வழக்கமாகச் சொல்வது, அது உன் பாவம், மனந்திரும்பு என்பதே. அது சத்தியம், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் நம் முற்றத்துக் கறையை உற்று நோக்குங்கள். எண்ணெய் கல்லிலிருந்து வரவில்லை. வண்டி கசிந்தது, கல் அதைச் சுமக்கிறது. கசிந்த வண்டி ஆராதனை முடிந்ததும் புறப்பட்டுப் போய்விடுகிறது. அது நிற்கும்வரை தன் நிழலால் கறையை மறைக்கிறது. போனபின்தான் கறை நம் கண்ணுக்குத் தெரிகிறது. அப்போது எல்லாரும் கல்லைப் பார்த்து முகம் சுளிக்கிறோம்.

என் ஊழியப் பாதையில் சந்தித்த ஒரு சகோதரியை நினைக்கிறேன். நடுவயதைக் கடந்தவர். ஒவ்வொரு திருவிருந்து ஆராதனைக்கு முன்பும் தவறாமல் வந்து ஜெபிக்கக் கேட்பார். ஒருநாள் அவர், “ஐயா, எத்தனை முறை மன்னிப்புக் கேட்டாலும் எனக்குள் இருக்கும் அந்த அழுக்கு போகவில்லையே” என்றார். எதற்காக மன்னிப்புக் கேட்கிறீர்கள் அம்மா என்று கேட்டேன். வெகுநேரம் பேசவில்லை. பின்பு, குடித்துவிட்டு வரும் தகப்பனுக்குப் பயந்து தம்பிமாரோடு மாட்டுத் தொழுவத்தில் ஒளிந்திருந்த இரவுகளைச் சொன்னார். அந்த வீட்டில் தான் கேட்ட வார்த்தைகளைச் சொன்னார். தெருவார் அந்தக் குடும்பத்துக்கு வைத்த பெயரைச் சொன்னார். நாற்பது ஆண்டுகளாக அவர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தது, தான் செய்யாத ஒன்றுக்காக. “அம்மா, அது உங்கள் பாவம் அல்ல, உங்கள்மேல் செய்யப்பட்ட பாவம்” என்றேன். அந்த வேறுபாட்டை அதுவரை ஒருவரும் தமக்குச் சொன்னதில்லை என்றார்.

ஆகையால் இதை வாசிக்கிறவர்கள் இரண்டு கேள்விகளை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். என்னிடத்திலுள்ள இந்தக் கறை என்னிலிருந்து கசிந்ததா? அல்லது என்மேல் சொட்டியதா? பெரும்பாலும் நம் எல்லாரிடத்திலும் இரண்டும் உண்டு. ஆனாலும் அவற்றைப் பிரித்தறியாமல் ஒரே சோடாவினால் கழுவினால், குற்றவாளி தன்னைப் பரிதாபத்துக்குரியவனாக எண்ணிக்கொள்வான். காயப்பட்டவள் தன்னைக் குற்றவாளியாக எண்ணிக்கொள்வாள். இதை நினைவில் வைத்து, கறை நீக்கும் வேலையின் மூன்று படிகளைப் பார்ப்போம்.

1. அவசரப்பட்டுத் தேய்க்காதிருங்கள்

எண்ணெய் சிந்தியவுடன் கை துடைப்பத்தைத் தேடும். தேய்த்தால் உள்ளங்கையளவு இருந்த கறை முறத்தளவு ஆகும். முதலில் பழந்துணியால் மெதுவாய் ஒற்றியெடுக்க வேண்டும். பின்பு மரத்தூளோ உலர்ந்த மணலோ தாராளமாய்த் தூவி, சில மணி நேரம் அப்படியே விட்டு, அது எண்ணெயைக் குடித்தபின் கூட்டி அள்ள வேண்டும். அதன்பிறகே பாத்திரம் துலக்கும் திரவச் சோப்பும் வெந்நீரும் கொண்டு, முரட்டு நைலான் பிரஷால் தேய்க்கலாம். கம்பி பிரஷ் வேண்டாம். அது கல்லின் முகத்தைக் கீறிவிடும்.

அவசரக்காரர்களுக்கு மூன்று குறுக்குவழிகள் உண்டு. மூன்றும் கேடு. ஆசிட் ஊற்றினால் அது எண்ணெயைக் கரைப்பதில்லை, சிமெண்டைத்தான் தின்னும். கறை இருக்கும், கல்லின் தோல் போய்விடும். பெட்ரோலோ மண்ணெண்ணெயோ ஊற்றித் தேய்த்தால், எண்ணெய் இளகி இன்னும் ஆழத்துக்கு இறங்கும். நெருப்பு அபாயமும் சேரும். அதிக அழுத்தத்தில் நீரைப் பீய்ச்சும் பிரஷர் வாஷரைக் கல்லுக்கு மிக அருகில் பிடித்தால், கற்களின் இடுக்கில் நிரப்பிய மணலை அது அரித்துக்கொண்டு போகும். அந்த மணல்தான் ஒரு கல்லை அடுத்த கல்லோடு அசையாமல் பிணைத்து வைத்திருக்கிறது. மேலும் கழுவிய எண்ணெய் எங்கே போகும்? 2003-ஆம் ஆண்டு முதல் தமிழ்நாட்டில் கட்டடங்களுக்கு மழைநீர் சேகரிப்பு கட்டாயமானது. நம் முற்றத்து நீரும் அந்தக் குழிக்குத்தான் ஓடுகிறது. முற்றத்தைச் சுத்தமாக்கி, நிலத்தடி நீரை அழுக்காக்கியவர்களாவோம்.

சபைகளில் சமாதானம் செய்யும் விதம் பல வேளைகளில் இப்படித்தான் இருக்கிறது. சொத்துத் தகராறில் பல ஆண்டுகள் பேசாதிருந்த அண்ணன் தம்பி இருவரை, ஒரு கிறிஸ்மஸ் நாளில் உறவினர் சூழ்ந்து நின்று கைகுலுக்கச் செய்ததைக் கண்டிருக்கிறேன். புகைப்படம் எடுத்தார்கள். தம்பிக்குச் சேர வேண்டியதைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. அடுத்த அறுவடைக்குள் பகை முன்னிலும் ஆழமாயிருந்தது. ஜனத்தின் காயத்தை மேலோட்டமாய்க் கட்டிவிட்டு, சமாதானம் இல்லாத இடத்தில் சமாதானம் என்று அறிவித்தவர்களை எரேமியா 6:14 கடிந்துகொள்கிறது. காயப்பட்டவரைப் பார்த்து, மறந்துவிடு, மன்னித்துவிடு, பெரியவர்தானே, விட்டுக்கொடு என்று உடனே சொல்லாதிருங்கள். முதலில் ஒற்றியெடுங்கள். அருகில் அமர்ந்து, அவர் சொல்வதைக் கேளுங்கள். கேட்பதுவே பாதி வைத்தியம்.

2. உள்ளே இருப்பதை வெளியே இழுக்க வேண்டும்

பழைய கறைக்குக் கழுவுதல் போதாது. இன்று கழுவினால் மேற்பரப்பு வெளுக்கும்; சில நாள் வெயிலில் உள்ளிருக்கும் எண்ணெய் மறுபடியும் மேலே ஏறிவரும். வேலை வீணாயிற்று என்று பிள்ளைகள் சோர்ந்துபோக வேண்டாம். ஆழத்தில் இருந்தது மேலே வருகிறது என்றே அதற்குப் பொருள்.

இதற்குரிய வழி பற்றுப் போடுவது. நெற்றிக்கும் வீங்கிய முழங்காலுக்கும் நம் பாட்டிமார் போட்ட பற்றைப் போலத்தான். நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் முல்தானி மட்டியைப் பெயிண்ட் கடை டர்பன்டைனில் பசைபோல் குழைத்து, கறையின்மேல் விரற்கனத்துக்குப் பூசி, பிளாஸ்டிக் தாளால் மூடி, ஓரங்களை ஒட்டி, ஓர் இரவு விட்டுவிட வேண்டும். மறுநாள் தாளை நீக்கி, பற்று முற்றிலும் உலரும்வரை காத்திருக்க வேண்டும். மூடியிருக்கும்போது திரவம் கல்லுக்குள் இறங்கி எண்ணெயைக் கரைக்கிறது. திறந்தபின் அந்தத் திரவம் மண்ணின் வழியாய் ஆவியாகிறது. போகும் வழியில் எண்ணெயை மண்ணில் விட்டுச் செல்கிறது. உலர்ந்த பற்றைச் சுரண்டியெடுத்தால், வெளுத்திருந்த மண் கறுத்திருக்கும். ஒரு முறையில் தீராவிட்டால் இரண்டு, மூன்று முறை செய்ய வேண்டும். பிள்ளைகள் கையுறை அணியுங்கள். நெருப்பு அருகில் இருக்க வேண்டாம். முதலில் மறைவான ஒரு கல்லில் சோதித்துப் பாருங்கள். சுரண்டிய மண்ணைச் சாக்கடையில் கொட்டாமல், மூடிய டப்பாவில் சேர்த்து வையுங்கள்.

இந்த மண்ணுக்கு இன்னொரு வரலாறும் உண்டு. ஆட்டு ரோமத்திலுள்ள கொழுப்பை நீக்க, பழங்காலத்து வெளுப்போர் இத்தகைய மண்ணைப் பயன்படுத்தினார்கள். மல்கியா 3:2 வரப்போகும் கர்த்தரை வண்ணாருடைய சவுக்காரத்துக்கு ஒப்பிடுகிறது. துணி வெளுப்பவர் அழுக்கைக் கண்டு அருவருத்து ஒதுங்குவதில்லை. அழுக்குத் துணியைத் தம் கையில் எடுப்பதில்தான் அவர் தொழிலே தொடங்குகிறது.

பற்று போட்ட கல்லை எண்ணும்போதெல்லாம் சிலுவையே என் நினைவுக்கு வருகிறது. அந்த மண் கறையைத் தூரத்தில் நின்று கண்டிக்கவில்லை. அதன்மேல் ஒட்டிக்கொண்டு, அதைத் தனக்குள் வாங்கிக்கொண்டு, தான் கறுத்துப்போகிறது. ஏசாயா 53-ஆம் அதிகாரத்தை இந்த வாரம் நிதானமாய் வாசியுங்கள். ஐந்தாம் வசனத்தில் தாசன் நம்முடைய மீறுதல்களுக்காகக் காயப்படுகிறார். ஆனால் அதற்கு முந்தின நான்காம் வசனத்தில், அவர் நம்முடைய துக்கங்களைச் சுமக்கிறார். நாம் செய்த தீங்கும் அவர்மேல் இருக்கிறது. நமக்குச் செய்யப்பட்ட தீங்கின் துயரமும் அவர்மேல் இருக்கிறது. கசிந்த வண்டிக்கும் அவர்தான் இரட்சகர். கறைபட்ட கல்லுக்கும் அவர்தான் இரட்சகர். அந்தச் சகோதரி கேட்க வேண்டிய நற்செய்தி நான்காம் வசனத்தில் இருந்தது. அவர் நாற்பது ஆண்டுகளாக ஐந்தாம் வசனத்தின் வாசலில் மட்டும் நின்று தட்டிக்கொண்டிருந்தார்.

பற்று வேலைசெய்ய இரண்டு வேண்டும்: நேரமும், கல் அசையாமல் அதன்கீழ் இருப்பதும். கர்த்தருடைய சமுகத்தில் நாம் செலவிடும் அமைதியான வேளைகளை வீணென்று எண்ணாதிருங்கள். ஒன்றும் நடக்காததுபோல் தோன்றும் அந்த இரவில்தான் ஆழத்திலுள்ளது மெல்ல மேலே வருகிறது.

3. கசிவை அடைக்க வேண்டும்

இது இல்லாவிட்டால் மற்ற இரண்டும் வீண். சனிக்கிழமை முழுவதும் உழைத்துக் கல்லைச் சுத்தமாக்கி, ஞாயிறு காலை அதே வண்டியை அதே இடத்தில் நிறுத்தினால் பயன் என்ன? என் வண்டி கசியாது என்று ஒவ்வொருவரும் உறுதியாய்ச் சொல்வோம். ஓட்டுகிறவர் தம் வண்டியின் அடியைப் பார்ப்பதில்லை. எளிய சோதனை ஒன்று உண்டு. இன்றிரவு வண்டிக்கு அடியில் ஓர் அட்டையை விரித்து வையுங்கள். காலையில் அதில் சொட்டு இருந்தால், எந்த இடத்தில் கசிகிறது என்பதையும் அது காட்டிவிடும். பல வேளைகளில் தேய்ந்த ஒரு வாஷரையோ ஆயில் சீலையோ மெக்கானிக் மாற்றினால் போதும். சிறு செலவு, தள்ளிப்போட்டால் என்ஜினே போகும்.

தாவீது ராஜாவுக்கு நாத்தான் விரித்த அட்டைதான் அந்த ஆட்டுக்குட்டியின் கதை (2 சாமுவேல் 12). அரமனையில் தாவீது சுகமாயிருந்தான். கறையோ உரியாவின் வீட்டில் இருந்தது. தன் அடியில் சொட்டியதைத் தாவீது கண்டது நாத்தான் காட்டியபோதுதான். அதற்குப்பின் பிறந்த 51-ஆம் சங்கீதத்தில், தன்னைக் கழுவும்படி அவன் கேட்கும் இடத்தில் வரும் எபிரெயச் சொல், துணியை மிதித்து வெளுப்பதைக் குறிப்பது. மேலோட்டமான அலம்பலை அல்ல, அடிமுதல் துவைத்தெடுப்பதையே அவன் கேட்டான். சகேயுவும் மன்னிப்போடு நின்றுவிடவில்லை. அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாய்த் திருப்பிக் கொடுக்க முன்வந்தான் (லூக்கா 19:8). தகப்பன்மாரே, கணவன்மாரே, அதிகாரத்தில் இருப்பவர்களே, ஊழியக்காரராகிய என்னையும் சேர்த்தே சொல்கிறேன்: நம் வீட்டிலும் அலுவலகத்திலும், நாம் எழுந்து போனபின் அந்த இடத்தில் என்ன மிஞ்சுகிறது என்று பார்ப்போம்.

இங்கே சபையாகிய நமக்கு ஒரு கடினமான வார்த்தை உண்டு. பேவர் பிளாக் தளத்தின் வசதியே, கறைபட்ட ஒரு கல்லை மட்டும் பெயர்த்தெடுத்து வேறொன்றை வைத்துவிடலாம் என்பதுதான். லேவியராகமம் 14-ஆம் அதிகாரத்திலும், வீட்டுச் சுவரில் தோஷம் பரவினால் அந்தக் கற்களைப் பெயர்த்து வெளியே போடும் பிரமாணம் இருக்கிறது. கற்களுக்கு அது தகும். ஆனால் 1 பேதுரு 2:5-இன்படி நாம் ஜீவனுள்ள கற்கள். வீட்டுக்குள் அடி வாங்குகிற பெண்ணும், பெரியவர் ஒருவரால் சீரழிக்கப்பட்ட பிள்ளையும் வாய் திறந்தால், என்ன செய்கிறோம்? பிள்ளையை விடுதிக்கு அனுப்பிவிடு, வேறு ஊருக்குப் போய்விடு, குடும்ப மானம் போகும் என்கிறோம். கல்லைப் பெயர்த்துவிட்டு, ஒழுகும் வண்டியை அதே நிழலில் நிறுத்த இடம் கொடுக்கிறோம். கர்த்தருடைய வீட்டில் இது ஆகாது. நகர்த்தப்பட வேண்டியது வண்டி. உங்கள் வீட்டிலோ அயலிலோ ஒரு பிள்ளைக்குத் தீங்கு நேர்வதை அறிந்தால், 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை அழையுங்கள். பெண்களுக்கு 181 இருக்கிறது. என்னிடத்திலும் வரலாம். மன்னிப்பைப் பற்றிப் பிறகு பேசுவோம். முதலில் கசிவு நிற்கட்டும்.

நிறைவாக ஒன்று. எண்ணெய் முழுவதும் வெளிவந்தபின்னும் பழைய கறைகள் சில இடங்களில் மெல்லிய நிழலாய் நின்றுவிடும். பழகிய என்ஜின் ஆயிலில் இருக்கும் நுண்ணிய கரி நுண்துளைகளில் தங்கிவிடுவதே காரணம். வெயிலும் மழையும் பட்டு அது நாளடைவில் மங்கும். அந்த நிழலில் வழுக்கல் இல்லை. தொட்டால் கையில் ஒட்டாது. அதன்மேல் சிறு பிள்ளைகள் ஓடி விளையாடலாம். உயிர்த்தெழுந்த ஆண்டவர் தோமாவுக்குத் தம் கைகளைக் காட்டியபோது, அவற்றில் ஆணிகளின் தழும்புகள் இருந்தன. தழும்பு இருப்பதனால் சுகமாகவில்லை என்று பொருள் அல்ல. உங்கள் உள்ளத்திலும் ஒரு நிழல் மிஞ்சியிருந்தால், அதைக் கண்டு கலங்காதிருங்கள்.

வரும் சனிக்கிழமை காலை 7 மணிக்கு வேலை தொடங்கும். வாளியும் நைலான் பிரஷும் உள்ளவர்கள் கொண்டு வாருங்கள். வாகனம் உள்ளவர்கள் அதற்குமுன் ஓர் இரவு அட்டையை விரித்துப் பாருங்கள்.

ஜெபிப்போம்: எங்கள் பரம பிதாவே, எங்களிலிருந்து கசிந்து பிறர்மேல் விழுந்தவற்றை எங்களுக்குக் காண்பியும், அவற்றை அறிக்கையிடவும் ஈடுசெய்யவும் பெலன் தாரும். பிறரிடமிருந்து எங்கள்மேல் விழுந்து, எங்கள் ஆழங்களில் ஊறிப்போனவற்றை உம்முடைய குமாரனுடைய காயங்களுக்குள் இழுத்துக்கொள்ளும். தாங்கள் செய்யாத பாவத்தைச் சுமந்து தலைகுனிந்திருக்கும் உம்முடைய பிள்ளைகளைத் தலைநிமிரச் செய்யும். ஒரு கல்லையும் எறிந்துவிடாத வீடாக எங்கள் சபையைக் கட்டியருளும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் கேட்கிறோம், பிதாவே. ஆமென்.